அம்மிணிக்கு, டிராக்டர் விஷயமா

அம்மிணி,

நீ அனுப்பின மூணு வண்டி போட்டோவும் பாத்தேன். உங்கம்மா கண்ணாடிய வாங்கிப் போட்டுட்டு ரெண்டு தடவ பெருசு பண்ணிப் பாத்தேன். போன்ல சொல்லலாம்னா நீ சரிப்பா சரிப்பான்னுட்டு மீட்டிங்குக்கு ஓடிருவே, அதனால டைப் பண்றேன், ரெண்டு நாளா பண்றேன், நடுவுல மாட்டுக்கு தண்ணி காட்டப் போய்ட்டு வந்தா எங்க விட்டேன்னு மறந்து போயிருது, முன்ன பின்ன இருந்தா நீயே சேத்துப் படிச்சுக்கோ.

மொதல்ல ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. உனக்கு டிராக்டர் வேணுமா, இல்ல டிராக்டர் வெச்சிருக்கறோம்ங்கற நெனப்பு வேணுமா? ரெண்டும் தப்பில்ல. ஆனா ரெண்டும் வேற வேற வண்டி.

கணக்கப் பாரு. தேன்கனிக்கோட்டைல உன்னுது மூணரை ஏக்கரா. அதுல ஒன்றரை ஏக்கரா மாமரம், மிச்சத்துல கொஞ்சம் கொய்யா வெக்கறே, கேவுரும் நெலக்கடலையும் போடறேங்கறே. வருசத்துக்கு மூணு உழவு, எருவடிக்கறது, அப்பப்ப வெறகு தழை இழுக்கறது எல்லாம் சேத்தாலும் நாப்பது மணி நேரம் தாண்டாது. வாடகை வண்டிக்காரன் மணிக்கு 1200 கேக்கறான்னு வெச்சுக்கோ, வருசம் 48,000. வேளாண் பொறியியல் துறை வண்டி உழவன் ஆப்ல புக் பண்ணினா மணிக்கு 500 ரூபாய்க்கே வரும். மூணு லட்சத்தக் கொண்டுபோய் வண்டில போட்டுட்டு இன்சூரன்ஸ், பேட்டரி, டயரு, ஆயிலுன்னு வருசா வருசம் அழறதுக்கு, கணக்கு மட்டும் பாத்தா வாடகைதான் புத்திசாலித்தனம். இத நான் சொல்லாம விட்டா நாளைக்கு மாப்பிள்ளை என்னயத்தான் கேப்பாரு.

ஆனா கணக்குல வராதது ஒண்ணு இருக்குது. மழ பேஞ்சு ரெண்டாம் நாளு, மண்ணு கையில புடிச்சா உருண்டையாகி, கீழ போட்டா ஒடயோணும், அதுதான் பதம். செம்மண்ணுல அந்தப் பதம் மூணு நாளைக்கு மேல நிக்காது. அந்த மூணு நாளும் ஊர்ல இருக்கற அத்தன வாடகை வண்டியும் பத்து ஏக்கரா பதினஞ்சு ஏக்கராக்காரன் காட்டுலதான் நிக்கும். சனி ஞாயிறுக்கு மட்டும் பெங்களூர்லருந்து கார்ல வர்ற மூணரை ஏக்கராக்காரிக்கு கடைசிலதான் வருவான், வந்தாலும் வண்டி திரும்பறதுக்கு எடமில்லைன்னு மொணகிட்டே அரகொறயா கீறிட்டுப் போவான். அரசாங்க வண்டியும் அந்த நேரத்துல வரிசைதான். அதுக்காக ஒரு வண்டி சொந்தமா இருக்கோணும்னா நான் ஒத்துக்கறேன். நானும் அதுக்காகத்தான் வாங்கினேன்.

இப்ப அந்த மூணு போட்டோ. மொதல்ல அந்த செவப்பு 575. நீ அதுலதான் மனச வெச்சிருக்கறேன்னு நீ எழுதினதுலயே தெரியுது, மத்த ரெண்டுக்கும் ஒவ்வொரு போட்டோ, அதுக்கு மட்டும் ஒம்போது. மஹிந்திரா 575 நல்ல வண்டி, நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல, நாலு சிலிண்டரு, 45 ஹெச்பி, எந்த ஊர்லயும் மெக்கானிக் கண்ண மூடிட்டு கழட்டி மாட்டுவான். ஆனா கண்ணு, கிட்டத்தட்ட ரெண்டு டன் எடை. உன் மாமரம் முப்பதடிக்கு முப்பதடி, நடுவுல போறது வேணா போயிரும், கிளை? பத்து வருசத்து மரம், கவாத்து பண்ணாம விட்டது, கிளை இடுப்பு உயரத்துல தொங்குது, நீ உக்காந்துட்டுப் போனா மூஞ்சியில அறையும், சைலன்சர் குழாய் கிளைல மாட்டி ஒடயும். அதுவும் இல்லாம அத்தன எடை மரத்தடில ஈர மண்ணுல நாலு தடவ போய்ட்டு வந்தா மண்ணு கெட்டிச்சுப் போயிரும், வேரு மூச்சு விடாது. பெரிய வண்டி சின்னக் காட்டுல உழறதவிட திரும்பறதுதான் எச்சா. டீசல் திரும்பறதுக்கே போயிரும்.

வாங்கறது ஒரே தடவ, பெருசா வாங்கிரலாம்னு மாப்பிள்ளை சொன்னாருன்னே. பிரிட்ஜுக்கு வேணா அது சரி.

அதுவும் அந்தக் குறிப்பிட்ட வண்டிய நான் தொடவே மாட்டேன். ஏழாவது போட்டோவ எடுத்துப் பெருசு பண்ணிப் பாரு. பளபளன்னு பெயின்ட் அடிச்சிருக்கறான், சரி, விக்கறவன் குளிப்பாட்டி பொட்டு வெச்சுத்தான் சந்தைக்கு ஓட்டிட்டு வருவான், மாடா இருந்தாலும் அப்பிடித்தான். ஆனா டீசல் பைப்பு மேல பெயின்ட், ஹைட்ராலிக் பைப்போட நட்டு மேல பெயின்ட், பேட்டரி ஒயர் மேலயும் செவப்பு தெறிச்சிருக்குது. எங்கியோ ஆயில் கசியறத மறைக்கத்தான் கண்ட எடத்துல இப்பிடிப் பூசுவாங்க. அடுத்தது பின்னாடி டயர். பட்டை நடுவுல மழுங்கி தட்டையா தேஞ்சிருக்குது பாத்தியா? காட்டுல உழுத வண்டிக்கு டயர் அப்பிடித் தேயாது, தார் ரோட்டுல ஓடினாத்தான் அப்பிடித் தேயும். டிரைலர் மாட்டற கொக்கி ஓட்டையப் பாரு, வட்டமா இருக்க வேண்டியது முட்டையாட்ட நீண்டு போய்க் கெடக்குது. கரும்போ செங்கல்லோ வருசக்கணக்கா இழுத்திருக்குது. லோடு இழுத்த வண்டிக்கு கிளச்சு, கியரு, பின்னாடி ஆக்சில், பிரேக் எல்லாம் தேஞ்சிருக்கும், ஆனா மணி மீட்டர்ல 2800 மணி நேரம்னு காட்டுது. அந்த மீட்டர் பழைய வண்டிகள்ல ஒரு கேபிள்ல ஓடறது, கழட்டி விட்டா நின்னுரும். நான் மீட்டரப் பாக்க மாட்டேன், கிளச் மிதி கட்டைல இருக்கற ரப்பரப் பாப்பேன். அது வழுவழுன்னு தேஞ்சு இரும்பு தெரியுதுன்னா 2800 இல்ல.

இன்னொண்ணு, அது கேஏ நம்பர், 2011 மாடல். 15 வருசம் முடியற நேரம், ஆர்சி புதுப்பிக்கோணும்னா ஆர்டிஓ ஆபீஸ்ல வண்டிய நிறுத்திக் காட்டோணும். அதுக்கு முன்னாடி கர்நாடகாவுல என்ஓசி, அதான் ஆட்சேபணை இல்லைங்கற கடுதாசி, வாங்கி ஓசூர்ல டிஎன் 70 நம்பர் மாத்தோணும். லீவு இருக்குதா உனக்கு?

ரெண்டாவது, பக்கத்து தோட்டத்துக்காரரு எம்பதாயிரத்துக்குத் தர்றேன்னு சொன்ன ஹெச்எம்டி. நல்ல இரும்பு, பொய் சொல்லக் கூடாது, இன்னமும் எத்தனையோ தோட்டத்துல ஓடிட்டுத்தான் இருக்குது. ஆனா ஹெச்எம்டி கம்பெனியோட டிராக்டர் பாக்டரிய மூடறதுக்கு 2016லயே மத்திய சர்க்கார் முடிவு பண்ணிருச்சு. சின்ன சின்ன சாமானெல்லாம் கெடைக்கும், ஒரு கியர் ஒடஞ்சா பழைய இரும்புக் கடையெல்லாம் நீ அலையோணும். எனக்கு அது பொழுதுபோக்கு, உனக்கு அது தலைவலி.

ஆக மூணாவதுதான். 2019 குபோட்டா பி2441, மூணே முக்கா லட்சம் சொல்றான். 24 ஹெச்பி, மூணு சிலிண்டரு, நாலு சக்கரமும் இழுக்கறது, எடை ஒரு டன் கூட வராது. உன் காட்டுக்கு இந்த அளவுதான் சரி. இதே அளவுல மஹிந்திரா ஜிவோ இருக்குது, அதுவும் ஃபோர் வீல்தான். இன்னும் சின்னதா போனா விஎஸ்டி சக்தி, பதினெட்டு ஹெச்பி சொச்சம், ஓசூர்லயே பாக்டரி இருக்கறதால சாமானுக்கு அலைய வேண்டியதில்ல, வெலயும் கம்மிதான், ஆனா உன் நெலம் மேடு பள்ளமா ஏறி எறங்குது, எருவு லோடோட மேட்டுல இழுக்கறதுக்கு சித்தெ மூச்சு வாங்கும். எந்தக் கம்பெனின்னு நான் அடம் புடிக்க மாட்டேன். நீ பண்ண வேண்டியது ஒண்ணு, இந்த வாரம் தேன்கனிக்கோட்டை போறப்ப டீக்கடைல நின்னு, இங்க மினி டிராக்டர் ரிப்பேர் பண்றவரு யாருங்க, எந்த வண்டிக்கு வருவாருங்கன்னு கேளு. அவரு எந்த வண்டிக்கு கை வெப்பாரோ அதுதான் உனக்கு நல்ல கம்பெனி. குபோட்டாவுக்கு சாமான் வெல எச்சு, டீலர்கிட்டத்தான் போகோணும், அதத் தெரிஞ்சுட்டு வாங்கறதுன்னா வாங்கு.

பவர் டில்லரும் நெனச்சுப் பாத்தேன். பழைய வண்டிக்கு மானியம் கெடையாது, புதுசா பவர் டில்லரோ களையெடுக்கற பவர் வீடரோ வாங்கினா வேளாண் பொறியியல் துறைல மானியம் உண்டு, நெலம் உன் பேர்லதான இருக்குது, சிறு விவசாயிக்கும் பொம்பளைங்களுக்கும் பாதி வரைக்கும் தர்றாங்க, ஒரு உச்சவரம்போட. ஆனா டில்லர் பின்னாடி ஒரு ஏக்கரா நடந்து பாரு, பொழுதோட கை ரெண்டும் தனியா ஆடும். வாரம் பூரா கம்ப்யூட்டர் தட்டற கைக்கு அது ஆகாது. கொய்யாவுக்கு நடுவுல களையெடுக்க வேணா பின்னாடி ஒரு வீடர் வாங்கிக்கலாம்.

இப்ப வெல விஷயம். 2025 செப்டம்பர் 22லருந்து புது டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12லருந்து 5 சதவீதம் ஆயிருச்சு. டயரு, பார்ட்ஸுக்கு 18லருந்து 5. புது வண்டி வெல எறங்கினா பழசும் எறங்கத்தான வேணும்? ஆனா விக்கறவன் பழைய வெலயத்தான் மனசுல வெச்சுட்டு இருப்பான். அத மெதுவா அவனுக்கு ஞாபகப்படுத்து. சண்டையாட்ட கேக்காதே, தெரியாதவளாட்ட கேளு, அதுதான் வேல செய்யும். கூடவே அஞ்சு கொத்து கலப்பையும் சின்ன ரோட்டவேட்டரும் வெலயோட சேருமான்னு கேட்டுரு. யானை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுத கதையா, வண்டிய வாங்கிட்டு கலப்பைக்கு காசில்லாம நிக்கறவங்கள நெறய பாத்திருக்கறேன்.

ரோட்டவேட்டர் மேல உனக்கு ரொம்ப ஆசை, வீடியோல மண்ண மாவாட்ட பண்ணுதுங்கறே. மாமரத்தடில அத வருசா வருசம் விடாதே. மேலாப்புல இருக்கற சல்லி வேரெல்லாம் அறுத்துரும், கீழ ஒரு தட்டு கெட்டியாயிரும், மழத்தண்ணி எறங்காம ஓடிரும். மரத்துக்கு நடுவுல கொத்து கலப்பை போதும், அதுவும் மரத்த ஒட்டிப் போகாம.

சரி, நம்ம மொத வண்டி கதைய உனக்கு யாரும் முழுசா சொல்லியிருக்க மாட்டாங்க. உங்கம்மா சொல்லியிருந்தா பாதிதான் சொல்லியிருப்பா, என்னத் திட்டற பாதி.

1996, நீ பொறக்கல. பவானிப் பக்கம் ஒரு புரோக்கர் வண்டி இருக்குதுன்னான். போனேன், நாங்க போறப்பவே இன்ஜின் ஓடிட்டு இருந்துச்சு, உங்களுக்காகத்தான் ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்னான், நானும் என்ன மரியாதைன்னு நெனச்சுட்டேன். ஓட்டிப் பாத்தேன், கியரு வெண்ணெயில கத்தி போற மாதிரி, சத்தமே இல்ல. அன்னைக்கே பணத்தக் குடுத்து ஓட்டிட்டு வந்துட்டேன். ஒரு மாசம் நல்லா ஓடுச்சு. அப்பறம் லிப்ட் மெதுவாச்சு, கலப்பைய தூக்கறதுக்கு கும்பிட்டுக் கேக்கோணும். ஹைட்ராலிக் பம்ப்பு போச்சுன்னு மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்தேன். அவரு கீழ படுத்து நட்டக் கழட்டினாரு, ஆயில் ஊத்தல, களி மாதிரி சொத்து சொத்துன்னு விழுந்துச்சு. உள்ள மரத்தூள். தேஞ்சு போன கியரு சத்தம் கேக்காம இருக்க ரெண்டு படி மரத்தூள உள்ள கொட்டி வித்திருக்கறான். கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான, அந்தத் தூள் போய் பம்ப்போட சல்லடைல அடச்சுக்கிட்டு லிப்ட் தூக்கல. உங்க அப்பாரு, அதான் எங்கப்பா, பக்கத்துல குத்த வெச்சு உக்காந்து, அந்தக் களிய ஒரு பிடி எடுத்து மோந்து பாத்துட்டு ‘வேம்பு’ன்னாரு. அவ்வளவுதான். அன்னைக்கும் சரி, அவரு சாகற வரைக்கும் சரி, அதப்பத்தி வேற ஒரு வார்த்த பேசல. திட்டியிருந்தா நான் அப்பவே மறந்திருப்பேன்.

அன்னைக்கு கத்துக்கிட்டதத்தான் உனக்குச் சொல்றேன். வண்டி பாக்கப் போறப்ப இன்ஜின் ஆறிப் போயிருக்கோணும். பானட்டுக்கு அடில கைய விட்டு பிளாக்கத் தொட்டுப் பாரு, பச்சத்தண்ணியாட்ட ஜில்லுன்னு இருக்கோணும். சூடா இருந்தா அவன் முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி எதையோ மறச்சிருக்கறான். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஆயில் குச்சிய உருவு, கறுப்பா இருந்தா பரவால்ல, பால் ஊத்தின டீ கலர்ல இருந்தா தண்ணி கலந்திருக்குது, அப்பிடியே திரும்பி வந்துரு. ரேடியேட்டர் மூடியையும் அப்பவே தெற, தண்ணி மேல எண்ணெய் மெதக்கக் கூடாது. சூடானப்பறம் அந்த மூடியத் தொட்டுராதே, முகம் வெந்துரும்.

அப்பறம் ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. மொதல்ல கொஞ்சம் பொகை வரும், அது சாதாரணம். சூடானப்பறமும் நீலமா பொகை வந்தா ஆயில் எரியுது, ரிங்கு லைனர் வேல வந்துருச்சு. லோடு இல்லாமயே கறுப்பா தள்ளினா நாசிலோ பம்ப்போ பாக்கோணும், அது சின்ன செலவுதான். ஓடிட்டு இருக்கறப்ப ஆயில் ஊத்தற மூடிய மெதுவாத் தெறந்து கைய மேல காட்டு. லேசா காத்து வரலாம், குபுகுபுன்னு மூச்சு விட்டா இன்ஜின் கெழவனாயிருச்சுன்னு அர்த்தம். 50 ஹெச்பிக்கு மேல போன புது வண்டிகள்ல 2023லருந்து பொகை சட்டம் மாறி கம்ப்யூட்டர் பம்ப்பெல்லாம் வந்துருச்சு, உன் அளவு வண்டிக்கு அந்தத் தொந்தரவில்ல, எல்லாம் பழைய மாதிரி கையால சரி பண்றதுதான்.

லிப்ட்டுக்கு எங்கிட்ட ஒரு பழக்கம் உண்டு. கலப்பைய மாட்டி மேல தூக்கிட்டு இன்ஜின நிறுத்தச் சொல்லிருவேன். ஒரு குச்சிய தரையில நட்டு கொத்து எந்த உயரத்துல இருக்குதுன்னு பாத்து வெச்சுக்கிட்டு, விக்கறவன்கிட்ட ஊர் நாயம் பேசிட்டு ஒரு டீ குடிப்பேன். கால் மணி நேரத்துல ஒரு வெரக்கட எறங்கினா பரவால்ல. டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள கலப்பை தரைல படுத்துருச்சுன்னா சிலிண்டர் சீலு போச்சு, அத வெலயில கழிக்கோணும்.

கிளச்சுக்கு, பெரிய கியர்ல போட்டு பிரேக்க நல்லா மிதிச்சுட்டு கிளச்ச மெதுவா விடு, இன்ஜின் தடக்குன்னு நிக்கோணும். நிக்காம உறுமிட்டே இருந்தா பிளேட்டு வழுக்குது. மேட்டுல ஏத்தி கியர் தானா நழுவுதான்னு பாரு. முன் சக்கரத்த ஜாக்கில தூக்கி ரெண்டு கையாலயும் மேலயும் கீழயும் ஆட்டு. பின் சக்கரத்து உள் பக்கம் ஆயில் வடிஞ்சு புழுதி ஒட்டியிருக்குதான்னு குனிஞ்சு பாரு, வெக்கப்படாதே, பேன்ட்டு அழுக்கானா தொவச்சுக்கலாம். பிடிஓவ, அதான் ரோட்டவேட்டர சுத்த வெக்கற பின்பக்கத் தண்டு, போட்டு சுத்த விட்டுப் பாரு. வயல்ல சேத்துழவு ஓட்டின வண்டியான்னு கேளு, கேஜ் வீல்ங்கற இரும்புச் சக்கரம் போட்டு சேத்துல வருசக்கணக்கா நின்ன வண்டிக்கு பேரிங்குல தண்ணி போயிருக்கும்.

ஃபோர் வீல் வண்டில இன்னொண்ணு இருக்குது, இது எல்லாருக்கும் தெரியாது. முன் டயரும் பின் டயரும் கம்பெனி குடுத்த அளவுலயே இருக்கோணும். முன்னாடி தேஞ்சிருச்சுன்னு கெடச்ச அளவுல ஒரு டயர மாட்டியிருந்தா, முன் சக்கரம் சுத்தற வேகமும் பின் சக்கரம் சுத்தற வேகமும் ஒண்ணோட ஒண்ணு சண்ட போட்டு முன் ஆக்சில் கியரத் தின்னுரும். டயர் பக்கவாட்டுல நம்பர் இருக்கும், போட்டோ எடுத்துட்டு வா. அப்பறம் ஃபோர் வீல போட்டுட்டு தார் ரோட்டுல ஓட்டற பழக்கம் இருக்குதான்னும் விசாரி, நீயும் பண்ணாதே.

பேப்பர் விஷயத்துல நீ என்னயவிட வெவரம், இருந்தாலும் சொல்லிடறேன். நம்பர வெச்சு பரிவாகன் ஆப்ல பாத்துரு, வண்டி மேல லோன் இருக்குதாங்கறது அதுல தெரியும். லோன் கட்டி முடிச்சிருந்தா பேங்க்ல ஃபார்ம் 35 வாங்கி ஆர்சில அடிச்சிருக்கோணும், முடிச்சாச்சுங்கன்னு வாயால சொல்றது செல்லாது. பேர் மாத்தற ஃபார்ம் 29, 30ல ஓனர் உன் முன்னாடி கையெழுத்துப் போடோணும், புரோக்கர் கொண்டாந்து குடுக்கறதில்ல. சேஸிஸ் நம்பர் மேல வெள்ளப் பேப்பர வெச்சு பென்சிலால தேச்சு எடுத்துட்டு ஆர்சியோட ஒத்துப் பாரு. டிரைலர் குடுக்கறான்னா அதுக்கு தனி ஆர்சி இருக்கோணும். கார் லைசென்ஸ் போதும் உனக்கு, ஆனா கார் ஓட்டத் தெரிஞ்சா டிராக்டர் ஓட்டிரலாம்னு நெனச்சராதே.

அந்த எடத்துக்குத்தான் வர்றேன். சின்ன வண்டின்னு அசால்ட்டா இருக்காதே. மரத்த வேரோட இழுக்கறேன், கல்ல இழுக்கறேன்னு சங்கிலிய மேல் லிங்க்குல, அதான் கலப்பைய மாட்டற மேல் கம்பியில, கட்டி இழுத்தா முன்பக்கம் தூக்கி பின்னாடியே கவுந்துரும், கண்ண இமைக்கறதுக்குள்ள. எப்பவும் கீழ இருக்கற கொக்கிலதான் கட்டோணும். பிடிஓ சுத்தறப்ப அந்தத் தண்டு மேல மூடி இருக்கோணும், துப்பட்டாவோட பக்கத்துல போகக் கூடாது, நிமிசத்துக்கு 540 சுத்து சுத்தும், துணி மாட்டினா இழுத்துட்டுத்தான் நிக்கும். பிரேக் மிதி ரெண்டு இருக்கும், காட்டுல திரும்பறதுக்கு தனித்தனி, ரோட்டுக்கு ஏறறதுக்கு முன்னாடி ரெண்டையும் கொக்கி போட்டுச் சேத்துரு. யானை வந்தா, அங்க வரும்னு சொல்றாங்களே, வண்டிய விட்டுட்டு வீட்டுக்குள்ள போயிரு, அதுக்கு எந்த ஹெச்பியும் பத்தாது.

மட்கார்டு விஷயம் ஒண்ணு இருக்குது.

உன் பையன், தாத்தாவோட டிராக்டர்ல அம்மா சின்ன வயசுல மட்கார்டு மேல உக்காந்து போவாங்களாம்னு எங்கிட்ட சொன்னான். நீதான் சொல்லியிருப்பே. நீ அதச் சந்தோசமா சொல்லியிருப்பே, எனக்கு அதக் கேட்டதும் வயித்துல என்னமோ பண்ணுச்சு. உனக்கு அஞ்சு வயசு. நம்ம ரெண்டாவது வண்டி, மேசி 1035, மேக்காட்டுல உழவு ஓட்டிட்டு இருந்தேன். நீ எடது பக்க மட்கார்டு மேல உக்காந்து கம்பியப் புடிச்சுட்டு பாட்டுப் பாடிட்டு வந்தே, இன்ஜின் சத்தத்துல எனக்கு பாட்டுக் கேக்காது, வாய் அசையறது மட்டும் தெரியும். ஒரு சால் திரும்பறப்ப பாத்தேன், வாய் அசையல. தூங்கிட்டே. தலை ஒரு பக்கம் சாஞ்சு, கை கம்பிய விட்டிருச்சு, கால் சக்கரத்துப் பக்கம் தொங்குது, பின்னாடி ஒம்போது கொத்து ஓடுது. நான் கிளச்ச மிதிச்சனா உன்னப் புடிச்சனான்னு இன்னைக்கும் தெரியல. உன் பாவாடை கையில இருந்துச்சு, வண்டி நின்னுருந்துச்சு. நீ எந்திரிச்சு ‘ஏப்பா நிறுத்திட்டே’ன்னே. வீட்ல சொல்லாதேன்னேன், நீயும் சொல்லல, ஏன்னா என்ன நடந்துச்சுன்னே உனக்குத் தெரியாது. உங்கம்மாவுக்கும் இன்னைக்கு வரைக்கும் தெரியாது, இதப் படிச்சுட்டு அவகிட்ட பேசறப்ப வாயத் தொறந்துராதே.

அந்த வண்டிய 2014ல வித்தப்ப நீ போன்ல அழுதே. நான் அழுகல. எனக்கு அந்த எடது மட்கார்டப் பாக்கற ஒவ்வொரு தடவையும் அதுதான் ஞாபகம் வரும்.

அதனால கேக்கறேன், ரோல் பார், அதான் வண்டி கவுந்தா ஆளக் காப்பாத்தற கம்பி வளைவு, இருக்கற வண்டியா பாரு, இல்லாட்டி போட வை, பெல்ட் இருந்தா கட்டு. டிராக்டர்ல ஒரு சீட்டுதான், ஒரு ஆள்தான்.

வண்டி வந்தப்பறம் வாரம் ஒரு தடவயாச்சும் கால் மணி நேரம் ஓட்டி வை. நீங்க ரெண்டு வாரம் வராம விட்டா பேட்டரி எறங்கிரும், எலி ஒயரக் கடிக்கும், போறப்ப பேட்டரி நெகட்டிவக் கழட்டி வெச்சுட்டுப் போ. மழக் காலத்துல ஒரு மாசம் சும்மா நின்னா கிளச் பிளேட் துரு ஏறி ஒட்டிக்கும், அப்பறம் மிதிச்சாலும் கியர் விழாது. அதுக்கு கிளச் மிதிய அமுக்கி ஒரு கட்டைய முட்டுக் குடுத்து நிறுத்தி வெப்போம். டீசல் டேங்க்க நெறச்சு வை, காலியா வெச்சா உள்ள வேர்த்து தண்ணி சேரும். செட்டு ஒண்ணு போடு, தகரம் போதும், வெயில்ல நின்னா டயர் வெடிப்பு விடும்.

வர்ற வெள்ளிக்கெழம ராத்திரி கோபில பஸ் ஏறறேன், சேலத்துல மாறி ஓசூர் வந்துருவேன், நீ தூங்கு, விடிஞ்சு வந்து கூட்டிட்டுப் போனாப் போதும். உங்கம்மா முறுக்கும் கொஞ்சம் தேங்காயும் கட்டிட்டு இருக்கறா, பை கனமா இருக்கும். குபோட்டாக்காரன்கிட்ட சனிக்கெழம காலைல எட்டு மணிக்கு வர்றோம், அதுக்கு முன்னாடி வண்டிய ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு சொல்லிரு, எதுக்குன்னு கேட்டா எங்கப்பா ஒரு மாதிரி ஆளுன்னு சொல்லிரு. இன்ஜின் சூடா இருந்துச்சுன்னா ஒரு டீ குடிச்சுட்டு வந்துருவோம், சண்டையெல்லாம் வேண்டாம்.

பையன்கிட்ட மட்கார்டுல எடமில்லைன்னு இப்பவே சொல்லி வெச்சுரு. நான் வந்தப்பறம் சொல்லிக்கலாம்னு விட்டராதே. எங்கிட்ட வந்து தாத்தா ஒரே ஒரு ரவுண்டுன்னு கேட்டான்னா, இத்தன எழுதினதுக்கு அப்பறமும் நான் எளகிருவேன், என்னயத் தெரியும் உனக்கு.

அப்பா